ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறவர்களுக்கு: அளந்து, காரணம் அறிந்து, குறைக்கும் வழி

தூக்கத்தில் ஒரு தடவை எழும்பி சிறுநீர் கழித்துவிட்டு வந்து, படுத்ததும் தூங்கிப்போகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர் என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை ஏறி, காலையில் தலை கனத்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும். வயது ஐம்பதுக்குக் கீழே இருந்து இது புதிதாகத் தொடங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் தேட வேண்டும்.

நம் நெல்லைப் பக்கத்தில் இந்தத் தொல்லைக்குத் தீர்ப்பு உடனே சொல்லிவிடுவார்கள். ஆம்பிளை என்றால் "புராஸ்டேட் வீக்கம்" (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்குவது), பொம்பிளை என்றால் "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்". இருவருக்கும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காதே. இதில் யாரும் எதையும் அளந்து பார்ப்பதில்லை. ராத்திரிச் சிறுநீர்த் தொல்லைக்குப் பின்னால் நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றில் வேலை செய்யாது, சில நேரம் கெடுதலும் செய்யும். அதனால்தான் மருந்துக்கு முன்னால் அளவு.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரில் ரத்தம், ஒரே ஒரு தடவை வந்து நின்றிருந்தாலும் சரி. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்பும். அடங்காத தாகம், காரணமில்லாத எடை குறைவு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிவது.

இரண்டு நிலைமைகளில் அன்றைக்கே போக வேண்டும். சிறுநீர் வர வேண்டும் என்ற உணர்வு இருந்தும் ஒரு சொட்டுகூட வராமல் அடிவயிறு கல்லாக இறுகினால் அது சிறுநீர் அடைப்பு; குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும். இடுப்பு வலியோடு கால் பலம் குறைந்து, இருக்கை படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தப்பினால் முதுகுத்தண்டின் நரம்புகள் நசுங்குகின்றன என்று பொருள். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

படி 1: மூன்று நாள் அளந்து எழுதுங்கள்

மருத்துவர்கள் 'சிறுநீர் நாட்குறிப்பு' என்று கேட்பது இதைத்தான். மூன்று முழு நாள்கள் போதும். அடுத்தடுத்த நாள்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிழித்த தேதித் தாள்களின் பின்பக்கம் இதற்கு நல்ல இடம், ஒரு நாளைக்கு ஒரு தாள்.

வேண்டியது மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக். பாத்திரக் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய மக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி இருமல் மருந்துப் பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு தடவையாக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஐந்து கோடு வந்தால் அரை லிட்டர். பத்து இருபது மில்லி முன்பின்னாக இருந்தால் கணக்கு கெடாது. கழிவறைக்குள்ளேயே அந்த மக்கை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தேட மாட்டீர்கள். பெண்கள் வாய் அகன்ற சின்ன பேசினில் கழித்து மக்கில் ஊற்றிப் பார்ப்பது சுலபம்.

ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியவை: மணி, எத்தனை மில்லி, அவசரமாக ஓட வேண்டியிருந்ததா, வழியில் கசிந்ததா. குடித்ததையும் எழுதுங்கள்: தண்ணீர், காப்பி, மோர், ரசம், இளநீர் எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டுத் தம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும், செம்பு எத்தனை பிடிக்கும் என்று ஒரே ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு தம்ளர் எண்ணிக்கை போதும். படுத்த மணி, காலையில் எழுந்த மணி இரண்டும் மிக முக்கியம். காவல் வேலை, ஆலை ஷிப்டு என்று பகலில் தூங்குகிறவர்களுக்கு 'ராத்திரி' என்பது அவர்கள் தூங்கும் நேரம்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் சில. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைப் பலர் பகல் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அது ராத்திரி முழுக்கச் சிறுநீரகம் சுரந்து சேர்த்துவைத்தது, ராத்திரிக் கணக்கில்தான் சேர வேண்டும். அதே நேரம், அது 'எழும்பிய தடவை' எண்ணிக்கையில் வராது. இரண்டாவது, மலம் கழிக்கும்போதும் வயலிலும் ஆற்றிலும் போவது விட்டுப்போகும். வீட்டில் இருக்கும் நாள்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, நாட்குறிப்பு எழுதுகிறோம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. வழக்கமாகக் குடிப்பதையே குடித்தால்தான் உண்மை தெரியும்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ஆனி, ஆடிச் சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் வியர்வை அடங்கிவிடும். கோடையில் குடித்த அதே அளவு தண்ணீரைக் குடித்தால் சிறுநீர் கூடத்தான் செய்யும். ரமலான் மாதத்தில் மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ நோன்பு பிடிக்கிறவர், பகல் முழுக்க விட்ட தண்ணீரை நோன்புக் கஞ்சியில் தொடங்கி ஸஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரை குடித்து முடிக்கிறார். அந்த மாதம் ராத்திரி எழும்புவதைக் கோளாறு என்று கொள்ள முடியாது. கல்யாண வீட்டு நாளும் கோயில் கொடை நாளும் கணக்குக்கு உதவாது.

படி 2: கணக்குப் போடுங்கள்

மூன்று எண்கள் வேண்டும். 24 மணி நேரத்தின் மொத்தச் சிறுநீர். ராத்திரிச் சிறுநீர், அதாவது படுத்த பிறகு கழித்ததும் காலை முதல் சிறுநீரும் சேர்ந்தது. மூன்று நாளில் ஒரே தடவையில் கழித்த அதிகபட்ச அளவு. உங்கள் சிறுநீர்ப்பை நடைமுறையில் எவ்வளவு தாங்குகிறது என்பதை இது காட்டும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. ஒருவர் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். ராத்திரி 12.30-க்கு 300, 3 மணிக்கு 280, காலை ஆறு மணிக்கு 320. ராத்திரிச் சிறுநீர் 900 மில்லி. பகல் முழுக்கச் சேர்ந்தது 1,000 மில்லி. மொத்தம் 1,900. ராத்திரிப் பங்கு 900-ஐ 1,900-ஆல் வகுத்தால் 47 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பங்கு 33 சதவீதம் வரை இருக்கலாம். இளம் வயதில் 20 சதவீதம்தான். ஆக இவருடைய பை ஒழுங்காக இருக்கிறது, 320 மில்லி தாங்குகிறது. கோளாறு ராத்திரியில் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாவது. இவருக்குப் புராஸ்டேட் மாத்திரை மட்டும் கொடுத்தால் மூன்று மாதம் கழித்தும் அதே இரண்டு தடவை எழும்புவார்.

இன்னொருவருக்கு ராத்திரி 100, 90, 110, காலையில் 100, மொத்தம் 400. பகலில் பத்து தடவையில் 1,200. ராத்திரிப் பங்கு 25 சதவீதம்தான். ஆனால் பை எந்த நேரமும் 120, 130 மில்லிக்கு மேல் தாங்கவில்லை. இது பை சார்ந்த கோளாறு: புராஸ்டேட், அவசரப்படும் பை, கிருமித்தொற்று, கல் போன்றவை.

மூன்றாவது வகையில் மொத்த அளவே ஏறியிருக்கும். உடல் எடையை 40-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ என்றால் 2,400 மில்லி. அதற்கு மேல் 24 மணி நேரத்தில் போகிறது என்றால் பகலும் ராத்திரியும் உடல் நீரைக் கொட்டுகிறது. முதல் சந்தேகம் சர்க்கரை.

நான்காவதில் எல்லா எண்களும் சரியாக இருக்கும். தூக்கம்தான் முதலில் கலைகிறது. விழித்துவிட்டோமே என்று எழும்பிப் போகிறார்கள், கொஞ்சம்தான் வருகிறது. கால் எரிச்சல், மூட்டு வலி, மனக்கவலை, குறட்டை இவற்றில் ஒன்று தூக்கத்தைக் கெடுக்கிறது. அதைப் பார்க்க வேண்டும்.

பலருக்கு இரண்டு வகை சேர்ந்தே இருக்கும், குறிப்பாக எழுபது தாண்டியவர்களுக்கு. அப்போது எது பெரிய பங்கு என்பதை எண்கள் காட்டிவிடும்.

படி 3: ராத்திரியில் மட்டும் அதிகம் சுரந்தால்

வயதானவர்களிடம் மிகுதியாகக் காண்பதும், மிகுதியாகக் கவனிக்காமல் விடுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இளம் வயதில் தூங்கும்போது மூளை ஒரு ஹார்மோனை அதிகம் சுரந்து சிறுநீரை அடர்த்தியாக்கி அளவைக் குறைக்கிறது. வயதாக ஆக ராத்திரியில் இந்த ஏற்றம் மங்குகிறது. இதோடு கால் வீக்கம் சேர்ந்தால் எண்ணிக்கை ஏறுகிறது. பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டோ மடக்கியோ இருந்தால் நீர் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் இறங்கித் தேங்கும். ராத்திரி படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர் இருக்கிறது. செருப்பு வார் பதிந்த தடமும் அதையே சொல்லும்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துக் காலை முதல் சாயங்காலம் வரை பீடி சுற்றும் பெண்களுக்கு இரண்டு கெடுதல் ஒன்றாக வருகிறது. அசையாமல் உட்கார்வதால் கால் வீங்குகிறது. கட்டு முடிக்கும் வரை எழும்பக் கூடாது என்று சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதாலும் கிருமித்தொற்றும் கடுப்பும் வருகின்றன. பேருந்து ஓட்டுநர், ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கும் கால் வீக்கம் இப்படியேதான்.

கால் நீரைப் பகலிலேயே வெளியேற்றும் முறை இது. பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் மல்லாந்து படுங்கள். கால்களின் கீழே இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் வைப்பது போதாது. படுத்திருக்கும்போதே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் கெண்டைத் தசை நீரை மேலே தள்ளும். பிறகு எழுந்து அரை மணி நேரம் நடங்கள். படுப்பதற்குள் ஒன்றிரண்டு தடவை கூடுதலாகச் சிறுநீர் போகும். அதுதான் நமக்கு வேண்டியது. ஆறு மணிக்கு மேல் இதைச் செய்தால் பலன் ராத்திரிக்குத் தள்ளிப்போய்விடும். பீடி சுற்றுகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடந்து, சிறுநீர் கழித்துவிட்டு உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். அழுத்தக் காலுறை காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். சர்க்கரையால் கால் மரத்தவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

அடுத்தது உப்பு. இதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. உப்பு அதிகமானால் தாகம் கூடும், நீர் உடலில் நிற்கும், அந்த உப்பை வெளியேற்ற ராத்திரியிலும் சிறுநீரகம் வேலை செய்யும். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரி எழும்புவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

உங்கள் வீட்டு அளவை அறிய ஒரு எளிய வழி உண்டு. புது ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை உடைக்கும்போது தேதியை அதன் மேல் எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் அது 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். இந்தக் கணக்கில் வராதவை தனி: உவரி, கூத்தங்குழிப் பக்கத்திலிருந்து வரும் கருவாடு, கல்லிடைக்குறிச்சி அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், மிக்சர், காராச்சேவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். கருவாட்டுக் குழம்பு மத்தியானத்துக்கு, ராத்திரி இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. சோறு வடிக்கும்போது உப்புப் போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் விடலாம்.

இனி தண்ணீர். நாலு மணிக்கே குடிப்பதை நிறுத்துவது தவறான வைத்தியம், கோடையில் ஆபத்தானதும்கூட. சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தும், மலம் இறுகும், கல் சேரும், எழும்பும்போது தலை சுற்றும். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம்; சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பதே சரியான அளவுக்கு அடையாளம். மாற்ற வேண்டியது நேரத்தை. முக்கால் பங்கைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் குடித்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, அதோடு ஒரு தம்ளர். படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் மாத்திரை விழுங்க இரண்டு மடக்கு மட்டும். டிவி பார்த்துவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு ஒரு செம்பு தண்ணீரும் குடித்துப் படுக்கிறவர் 12 மணிக்கு எழும்பாமல் எப்படி இருப்பார்? இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் வகுத்த தண்ணீர் அளவு தனி. அதை மீற வேண்டாம்.

காப்பி, டீ கடைசித் தம்ளர் மத்தியானம் மூன்று மணியோடு சரி. கருப்பட்டி போட்டாலும் காப்பி காப்பிதான். மது ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும், தூக்கத்தையும் குலைக்கும். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் சிறுநீரைப் பெருக்குவதற்கென்றே நம் ஊரில் குடிப்பவை. கடுப்புக்கு நல்லதென்று அவற்றைச் சாயங்காலம் குடித்தால் ராத்திரிதான் அதன் விளைவு. குடிப்பதானால் காலையில்.

கால் வீக்கத்துக்கு மாத்திரையும் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். நீர் பிரியும் மாத்திரையைச் சிலர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். நீர் மாத்திரையைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பாக, பிற்பகலில் போட மருத்துவர்களே சில நேரம் எழுதிக்கொடுப்பார்கள்.

குறட்டை இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு நின்று நின்று வரும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயம் விரிகிறது. நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை அது சுரக்கிறது. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்றுபோவதாக வீட்டார் சொல்வது, காலைத் தலைவலி, பருமனான கழுத்து இவை இருந்தால் தூக்கப் பரிசோதனை வேண்டும். மூச்சுக்கருவி வைத்துத் தூங்கத் தொடங்கியதும் பலருக்கு ராத்திரி எழும்புவது குறைந்துவிடுகிறது. கால் வீக்கத்தோடு மூச்சிரைப்பும் இருந்தால் இதயப் பரிசோதனை முதலில்.

படி 4: மொத்த அளவே கூடியிருந்தால்

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் வழியத் தொடங்கி நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இங்கே தண்ணீரைக் குறைப்பது பெருந்தவறு. சர்க்கரையைக் குறைத்தால் சிறுநீர் தானாகக் குறையும். டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. தொடங்கிய வாரங்களில் சிறுநீர் கூடுவது அவற்றின் இயல்பு. காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் அளவு அதிகம் என்றால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் எண்), சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்க்க வேண்டும்.

படி 5: பை தாங்காவிட்டால்

ஆண்களில் ஐம்பதுக்கு மேல் புராஸ்டேட் வீக்கம் பொதுவானது. அடையாளங்கள்: தொடங்கத் தாமதம், ஓட்டம் மெலிவு, முக்க வேண்டியிருப்பது, முடித்த பின்னும் சொட்டுவது, முழுதும் போகாத உணர்வு. வயிற்று ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் மிஞ்சும் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 150, 200 மில்லிக்கு மேல் மிஞ்சினால் பை எப்போதும் பாதி நிறைந்தே கிடக்கிறது. டாம்சுலோசின் ஓட்டத்தைச் சீராக்கும். எழும்பும்போது தலைசுற்றல் வரலாம். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் கூட. டூட்டாஸ்டிரைடு, பினாஸ்டிரைடு வகை சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் எடுக்கும், பி.எஸ்.ஏ. எனும் புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எண்ணை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தும் காட்டும். ஆபரேஷன் செய்தும் ராத்திரி எழும்புவது மட்டும் நிற்காமல் போவதுண்டு. முன்பே ராத்திரிச் சிறுநீர் அளவைப் பார்க்காததுதான் பல நேரம் காரணம்.

ஒரு எச்சரிக்கை: சாரல் காலத்தில் சளிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். கடைக்காரரிடம் புராஸ்டேட் வீக்கம் இருப்பதைச் சொல்லியே வாங்குங்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் சிறுநீர்த் துவாரத்தின் சவ்வு மெலிந்து அவசரமும் எரிச்சலும் வரும். இதற்குப் பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மகப்பேறு மருத்துவர் எழுதித் தருவார். அடி (கருப்பை) இறங்கியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், அதற்கும் வைத்தியம் உண்டு. கிருமித்தொற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பார்த்த பிறகே ஆன்டிபயாடிக்.

அவசரப்படும் பைக்கு முதல் மருந்து பயிற்சி. காற்றுப் பிரியாமல் அடக்கும்போது இறுகும் தசையை இறுக்கி, 5 விநாடி பிடித்து, 5 விநாடி விடுங்கள். பத்து தடவை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. நாள் ஆக ஆக 10 விநாடிக்கு ஏற்றுங்கள். 12 வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். திடீர் அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள், அவசரம் தணிந்த பின் நடந்து போங்கள். பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறவர் வாரத்துக்கு 15 நிமிடம் வீதம் இடைவெளியை நீட்டலாம். மிச்சம் தங்குகிறவர்கள் படுக்கும் முன் கழித்துவிட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்து மறுபடி முயல வேண்டும். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் எந்தப் பயிற்சியும் முழுப்பலன் தராது. நிறைந்த மலக்குடல் பையை நெருக்குகிறது.

சாலிபெனாசின், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் தரும்; வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் கூடலாம். மிராபெக்ரானில் இவை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ராத்திரிச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒருபோதும் வாங்கக் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் வலிப்பும் வரலாம், 65-க்கு மேல் ஆபத்து கூடுதல். தொடங்கும் முன்பும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் சோடியம் பார்த்தே கொடுப்பார்கள்.

படி 6: விழாமல் போய்வர

காரணம் தீர நாளாகும். அதுவரை விழாமல் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் கழிவறை புறவாசலில்தான் இருக்கும். நடை, படி, திண்ணை, பாசி பிடித்த தளம் தாண்டி இருட்டில் போகும்போது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் நிறையப் பேர். கட்டிலிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். கையெட்டும் இடத்தில் டார்ச்சும், வாசலில் பின்வார் உள்ள செருப்பும். கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பி போடச் செலவு குறைவு. உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மழை நாளிலும் உடம்பு முடியாத நாளிலும் கட்டிலருகே மூடியுள்ள யூரின் பாட்டிலோ கமோடு நாற்காலியோ வைத்துக்கொள்வதில் கேவலம் எதுவுமில்லை. சென்னைக்குப் போவதென்றால் பேருந்தைவிட நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை நல்லது.

படி 7: மருத்துவரிடம் எதைச் சொல்வது

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பொது மருத்துவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீர், கிரியேட்டினின் அங்கேயே பார்த்துவிடலாம். பை, புராஸ்டேட் கோளாறென்று எண்கள் காட்டினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்க வேண்டியது யூராலஜி (சிறுநீர்ப்பை, புராஸ்டேட்) பிரிவு. கிரியேட்டினின் ஏறியிருந்தால் நெப்ராலஜி (சிறுநீரகம்). இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் வீணாவது சாதாரணமாக நடக்கிறது. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் கொண்டுபோங்கள்.

"ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் எழும்பினால் விழுவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ராத்திரி மூணு தடவ எழும்புதேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும் முந்நூறு மில்லி கிட்ட போவுது. சாயங்காலம் காலு வீங்குது. மூணு நாளு அளந்து எழுதிருக்கேன், பாருங்க." தாளை நீட்டுங்கள்.

சொன்ன மாற்றங்களை ஒன்றாகத் தொடங்காமல், முதல் இரண்டு வாரம் தண்ணீர் நேரமும் கால் உயர்த்துவதும், அடுத்து ராத்திரி உப்பு, பிறகு பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது உதவுகிறது என்று தெரியும். ஆறு வாரம் கழித்து மறுபடி மூன்று நாள் அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். மூன்று தடவை ஒன்றானாலோ, முதல் தூக்கம் இடையறாமல் நாலு மணி நேரம் நீண்டாலோ அதே வழியில் தொடரலாம். எண்கள் அசையாவிட்டால் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.